வத்தகப்பழத்தோடு தயிர்ச் சீஸ்: அன்னாசியை ஏன் தள்ளி வைக்க வேண்டும்?

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறிவிடுகிறது. திருகோணமலையில் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் அதுதான். அந்த மாதங்களில் மத்தியானச் சோறு பலருக்குத் தொண்டையில் இறங்காது. பழமும் சீஸும் கலந்த ஒரு சாலட் அப்போது நல்ல யோசனை. கிரேக்கத்திலும் சைப்ரஸிலும் கோடையில் வத்தகப்பழத்தை உப்புச் சீஸோடு சேர்த்துத்தான் தின்கிறார்கள். அங்கே ஃபெற்றா, ஹலூமி. அவற்றைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று போதும்.

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. எல்லா உருண்டைகளின் மேற்பரப்பிலும் ஒரே மறை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உறை ஊற்றியதும் பற்றீரியாக்கள் பாலின் சீனியைத் தின்று லக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் குறையும் பி.எச். அளவு 6.7இலிருந்து இறங்கி 4.6ஐ நெருங்கும்போது அந்த மின்னேற்றம் இல்லாமல் போகிறது. தள்ளிக்கொண்டு நின்றவை ஒட்டிக்கொள்கின்றன. இது மெதுவாக நடப்பதால் நுண்ணிய வலை ஒன்று உருவாகி, நீரையும் கொழுப்பையும் தன்னுள் பிடித்து வைக்கிறது. எருமைப்பாலில் கொழுப்பு 7 முதல் 8 சதவீதம், பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, புரதமும் கூடுதல். மண்சட்டியும் தன் பங்குக்குக் கொஞ்ச நீரை உறிஞ்சிவிடும். கத்தியால் வெட்டக்கூடிய தயிர் இப்படித்தான் கிடைக்கிறது. அதைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி, ஓர் இரவு நீரை வடியவிட்டால் மெதுமெதுப்பான சீஸ் தயார். துணிமூட்டையை பிரிட்ஜுக்குள் வைத்து வடிப்பது நல்லது. இந்த வெக்கையில் வெளியே தொங்கவிட்டால் பற்றீரியா வேலையை நிறுத்தாது; விடியும்போது புளிப்பு ஏறியிருக்கும்.

துண்டு துண்டாக வெட்டத்தக்க சீஸ் வேண்டுமென்றால் பாலைக் கொதிக்கவைத்துத் தேசிக்காய்ப் புளி விட வேண்டும். இங்கேயும் அதே கேசின்தான், அதே ஒட்டல்தான். ஆனால் சூட்டில், சடுதியாக நடப்பதால் நுண்ணிய வலைக்குப் பதில் பெரிய கட்டிகள் திரள்கின்றன. துணியில் வடித்து, மேலே பாரம் வைத்து அழுத்தினால் இறுகிவிடும். இந்தச் சீஸ் சட்டியில் வாட்டினால் உருகாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பீட்சாவில் இழுபடும் மொஸரெல்லாவில் கேசினைக் கல்சியம் இணைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்த இணைப்புகள் நெகிழ்ந்து கொடுக்கும். தேசிப்புளியோ அந்தக் கல்சியத்தின் பெரும்பகுதியைக் கரைத்து நீரோடு வெளியேற்றிவிடுகிறது. எஞ்சிய புரதம் சூடாக்க ஆக்க இன்னும் இறுகுமே தவிர உருகாது. சாலட்டுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். தயிர்ச் சீஸ் ருசிதான், ஆனால் பழச்சாறு பட்டதும் கரைந்து எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடும். அதைத் தட்டின் அடியில் தடவிப் பழத்தை மேலே அடுக்கலாம்.

சரி, பழத்துக்கு வருவோம். வத்தகப்பழத்தில் ஏறத்தாழ 92 சதவீதம் நீர். ஒவ்வொரு கலமும் நீரால் புடைத்து நிற்பதால்தான் கடிக்கும்போது நறுக்கென்கிறது. வெட்டிய பழத்தில் உப்புத் தூவினால் மேற்பரப்பில் செறிவான உப்புக்கரைசல் உருவாகும். கலத்துக்குள் இருக்கும் நீர் கலமென்சவ்வைத் தாண்டி அந்தச் செறிவை நோக்கி வெளியே வருகிறது. பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படித்தது இதுதான். பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் சிவப்புத் தண்ணீர் நிற்கும், பழம் தொய்ந்திருக்கும். உப்புச் சேர்த்த சீஸும் இதையே செய்யும். ஆகவே உப்பும் சீஸும் கடைசியில், மேசைக்குக் கொண்டு போகும்போது மட்டும். நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பைக் கொஞ்சம் பருபருவென்று இடித்துத் தூவினால் தூளுப்பைவிட மெதுவாகக் கரையும், பழமும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும். உப்பை ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். சோடியம் நாக்கில் கசப்பை அடக்குகிறது, கசப்பு அடங்கியதும் இனிப்பு முன்னுக்கு வருகிறது என்பதை 1997இல் பிரெஸ்லின், போஷாம் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாங்காய்க்கும் அன்னாசிக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்கிற நமக்கு இது நாக்கறிந்த விஷயம்.

அந்த அன்னாசிதான் இந்தச் சாலட்டில் வில்லன். சூடு காட்டாத பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதியக் கூட்டம் இருக்கிறது. புரதச் சங்கிலிகளைக் கத்தரிப்பதுதான் அதன் வேலை. நிறையத் தின்றால் நாக்கு எரிவதற்கும் அதற்கு ஒரு பங்கு உண்டு. பழத்திலுள்ள ஊசி போன்ற ஒக்சலேற்றுப் பளிங்குகளுக்கு மறு பங்கு. சீஸோடு சேர்ந்தால் அது கேசினைத் துண்டு துண்டாக்கத் தொடங்கும். அந்தத் துண்டுகளில் சில நல்ல கசப்பு. கலந்த உடனே தின்றால் தெரியாது. ஒரு மணித்தியாலம் போனால் சீஸ் கசியும், கசக்கும். கடைக்காரர் பழைய பாலைத் தந்துவிட்டார் என்று அவரைத் திட்டுவோம். ஜெலட்டின் ஜெலிக்குள் பச்சை அன்னாசி போட்டால் உறையாததும் இதனால்தான், ஏனென்றால் ஜெலட்டினும் புரதம். நோன்பு காலத்தில் காய்ச்சும் கடற்பாசியில் போட்டால் உறையும். அது புரதமில்லை, மாப்பொருளைப் போன்ற ஒரு காபோவைதரேற்று.

அன்னாசி இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. நொதியமும் புரதம்தானே, சூட்டில் குலைந்துவிடும். துண்டுகளை உள்ளே வரை சூடேறும்படி தாச்சியில் வாட்டி, ஆறவைத்துப் போடுங்கள். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு பார்த்தது, அதில் பிரச்சினை இல்லை. பப்பாசியின் கதை சற்று வேறு. இறைச்சி மெத்தென்று ஆவதற்கு நாம் போடும் பப்பாசிக்காயின் பாலில் பப்பைன் நிறைய உண்டு. பழுக்கப் பழுக்க அந்தப் பால் வற்றுவதால் நன்றாகக் கனிந்த பழத்தில் தொல்லை குறைவு. மாம்பழத்துக்கும் வத்தகப்பழத்துக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

பழத்தை ஐஸ் போலக் குளிர வைக்காதீர்கள். நாக்கில் இனிப்பை உணரும் கலங்கள் குளிரில் மந்தமாகிவிடும், நல்ல பழமும் சப்பென்றிருக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வெட்டினால் போதும். அதற்காக வெளியே மறந்துவிடவும் கூடாது. வெட்டிய பழத்தையும் சீஸையும் சாதாரண நாளில் இரண்டு மணித்தியாலம் வெளியே வைக்கலாம் என்பார்கள். வெப்பநிலை 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். கச்சான் வீசும் மத்தியானம் அந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். ஆட்கள் வரப் பிந்தும் என்று தெரிந்தால் பழத்தை ஒரு பாத்திரத்திலும் சீஸை இன்னொன்றிலும் பிரிட்ஜில் விட்டுவிடுங்கள். தேசிப்புளி, உப்பு, புதினா எல்லாம் அவர்கள் வந்து கை கழுவும் நேரத்துக்குள் சேர்த்துவிடலாம்.