செதுக்கலுக்கு ஒளி தீட்டுதல்

முதிரை மரக் கதிரையின் சாய்மானத்தில் ஆசாரி நாட்கணக்கில் செதுக்கிய தாமரையை ஒரு டப்பா வெள்ளை எனாமல் ஒரே பின்னேரத்தில் விழுங்கிவிடும். (முதிரைக்கு எனாமல் பூசுவதே பாவம் என்பது என் கட்சி, அது வேறு வழக்கு.) விரலால் தடவினால் இதழ்கள் தட்டுப்படும். கண்ணுக்குத்தான் தெரியாது.

பளபளப்பற்ற பரப்பின் பிரகாசம், ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. நேராக விழுந்தால் முழுப் பிரகாசம். 60 பாகை சரிந்து விழுந்தால் பாதி. இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டுதான் மூளை மேடு பள்ளத்தைக் கணிக்கிறது. விறாந்தையில் வெளிச்சம் நாலாபுறமும் பரவி வரும்போது அந்த வேறுபாடு தேய்ந்துவிடும். வெள்ளை நிறம் நிலைமையை இன்னும் கெடுக்கும். பள்ளத்துக்குள் நுழைந்த ஒளி பக்கத்துக்குப் பக்கம் தெறித்து, இருண்டிருக்க வேண்டிய மூலையையும் நிரப்பிவிடும். கரிய மரம் முதல் மோதலிலேயே ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சுவதால் அங்கே பள்ளம் பள்ளமாகவே தெரியும்.

ஆகவே, அறை தராத நிழலைத் தூரிகைதான் தரவேண்டும். காய்ந்த அடிப்பூச்சின் மேல், எண்ணெயில் நன்றாக இளக்கிய கபில வர்ணத்தை எங்கும் பூசி, உடனே பழைய சீலைத்துணியால் துடைப்பார்கள். துணி மேடுகளைத்தான் எட்டும். இடுக்குகளில் புகுந்த வர்ணம் மயிர்த்துளைக் கவர்ச்சியால் அங்கேயே தங்கிவிடும். அம்பர் என்னும் கபில மண்ணில் இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகள் உண்டு; மங்கனீசு எண்ணெய் இறுகுவதைத் துரிதப்படுத்துவதால், துடைப்பதில் சுணங்கக் கூடாது. தனிக் கறுப்பை நான் விரும்புவதில்லை. இதழுக்கு அழுக்குப் பிடித்ததுபோல் இருக்கும்.

வெளிச்சத்துக்கு முறை நேர் எதிரானது. தூரிகையை வெளிர்நிறத்தில் தோய்த்து, பழைய 'உதயன்' பத்திரிகைத் தாளில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, படுக்கையாகப் பிடித்து மேலிருந்து கீழாக உரச வேண்டும். மிச்சமிருக்கும் வர்ணம் இதழ்களின் மேல்விளிம்புகளில் மட்டும் ஒட்டும்.

மேலிருந்து கீழாக என்பது முக்கியம். ஒளி தலைக்கு மேலிருந்தே வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இதை விளக்கினார். மேற்பாதி வெளிறி, கீழ்ப்பாதி இருண்ட வட்டம் குமிழாகத் தோன்றும். தலைகீழாக்கினால் அதுவே குழியாகிவிடும். கால்களுக்குப் பூசுவதற்காகக் கதிரையைக் கவிழ்த்து வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த நிலையில் மேலே தெரியும் விளிம்புக்கு வெளிச்சம் தீட்டினால், நிமிர்த்தியதும் காலில் உள்ள பூ குழிந்து போகும்.

இந்த வித்தையின் பெறுமதி கோயில் வாகனங்களில் நன்றாகத் தெரியும். இரவுத் திருவிழாவில் குதிரை வாகனத்தின் வயிற்றில் பந்த வெளிச்சம் கீழிருந்து விழும். உண்மை நிழல்கள் இடம் மாறிவிடும். வயிற்றடியில் தீட்டிய கருமை அசையாது நின்று உருட்சியைக் காப்பாற்றும். அதன் கழுத்தணிக்குத் தனி விதி. தங்கம் ஒளியைத் தன் நிறம் ஏற்றியே தெறிக்கும். அதனால் அங்கே மினுக்கத்துக்கு வெளிர்மஞ்சள் வைப்பதே சரி. வெள்ளை வைத்தால் பிளாஸ்ரிக் ஆகிவிடும்.

கடைசி வார்னிஷ் மங்கலானதாக இருக்கட்டும். பளபளப்பான பூச்சில் விழும் உண்மை மினுக்கம் பார்ப்பவர் நகர நகரத் தானும் நகரும். தீட்டிய மினுக்கமோ நின்ற இடத்திலேயே நின்று பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.