தோற்றவரும் கணக்குக் கொடுக்க வேண்டும், தம்பி

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். கையில் செலவுக் கணக்கு கேட்டுத் தேர்தல் ஆணையம் அனுப்பிய நோட்டீஸ். கட்டைப்பைக்குள் டீக்கடைச் சீட்டுகள், அச்சகத்து பில், ரேடியோ செட்டுக்காரர் பிரச்சார நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்த வாடகைக் கணக்கு. முப்பது வயதுகூட ஆகவில்லை. சுயேச்சையாக முதல் தடவை சட்டமன்றத்துக்கு நின்றவர். "டெபாசிட்டே போச்சு ஆடிட்டர் சார், இனிமே என்ன கணக்கு?" என்கிறார்.

காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் என்று எந்தத் தொகுதித் தம்பி வந்தாலும் இதே வசனம்தான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டெபாசிட் வேறு, செலவுக் கணக்கு வேறு. டெபாசிட் 10,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி வேட்பாளருக்கு 5,000. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கணக்கு அப்படி முடியாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78-வது பிரிவு ஜெயித்தவர், தோற்றவர் என்று ஆள் பார்ப்பதில்லை. போட்டியிட்ட ஒவ்வொருவரும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், கணக்கை ஒப்படைக்க வேண்டும். நூறு ஓட்டுக்குள் வாங்கியவரும்தான். "நான் செலவே பண்ணலையே" என்பவரும் செலவில்லை என்று உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். "கட்சியில பாத்துக்குவாங்க" என்பவருக்கு: நோட்டீஸ் கட்சி ஆபீஸுக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கொடுக்காவிட்டால் என்ன? தக்க காரணம் இல்லையென்றால் அதே சட்டத்தின் 10ஏ பிரிவின்படி 3 ஆண்டு தகுதி நீக்கம். அந்த 3 ஆண்டு, ஆணை பிறப்பித்த நாளிலிருந்துதான் ஓடும். ஆணை தாமதமாக வந்தால் அடுத்த தேர்தலையும் சேர்த்து விழுங்கிவிடும். இன்னொன்று யாருக்கும் தெரிவதில்லை. சட்டமன்றத்துக்கு நிற்கத் தகுதி இல்லாதவர் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நிற்க முடியாது. அரசியலமைப்பின் 243எஃப், 243வி பிரிவுகள் அப்படித்தான் சொல்கின்றன. "எம்எல்ஏ ஆகலைன்னா பரவாயில்லை, அடுத்து கவுன்சிலருக்கு நிப்போம்" என்று மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பிகள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

மனுத்தாக்கல் சமாசாரத்தை வக்கீல்கள் சொல்லட்டும். பரிசீலனை நாளில் 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் ஒரு கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்கிற வேட்பாளர் உறுதிமொழியைப் பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்துவிடுங்கள். சரி, என் வேலைக்கு வருகிறேன்.

மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அப்புறம் ஒரு பதிவேடு கொடுப்பார்கள்: தினசரிக் கணக்குக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். இந்தத் தம்பியின் பதிவேட்டில் வெள்ளைத் தாள் மூன்று நாள் ஓடி நின்றுவிட்டது. இளஞ்சிவப்பில் பேனாவே படவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்தி, காசு பிசகாமல் ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பிய சீமை இது. அந்த ஊர்ப் பிள்ளை கட்டைப்பையில் கணக்கு கொண்டுவருகிறது!

அன்றன்றைய செலவை அன்றன்றே எழுதுங்கள். மனுத்தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை எல்லாம் கணக்கில் வரும். பிரச்சார நோட்டீஸை முன்கூட்டியே அச்சடித்து வைத்துப் பிறகு விநியோகித்தால் அதுவும் வரும். நண்பன் சும்மா ஓட்டச் சொன்ன காருக்கும், மாவட்டத்தில் நிர்ணயித்த வாடகையைப் போட்டு எழுத வேண்டும். ஒரே ஆளுக்கு மொத்தத் தேர்தலுக்கும் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடாது; மூன்று பில்லாகப் பிரித்தாலும் ஆள் ஒருவர்தானே? வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வேண்டாம், பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். செலவுக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய் என்பதால் உங்களுக்குப் பயமில்லை, ஆனால் எழுதாத செலவு சின்னதாக இருந்தாலும் செலவுதான். ஆரத்தித் தட்டில் நோட்டு போடாதீர்கள், தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். அது செலவுக் கணக்கோடு நிற்காது, லஞ்ச வழக்காகும்.

பிரச்சாரத்தின்போது மூன்று தடவையாவது பதிவேட்டைப் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் செலவைத் தேர்தல் அதிகாரிகளும் தனியாக ஒரு நிழல் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் நாற்காலி எத்தனை என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

காரைக்குடி, திருப்பத்தூர்க்காரர்கள் சிவகங்கைக்கும் திருமயத்துக்காரர்கள் புதுக்கோட்டைக்கும் போய்க் கணக்கைக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டதா? அதைப் பெற்ற 20 நாளுக்குள் ஆணையத்துக்குக் காரணத்தை எழுதி அனுப்புங்கள். அதன் நகலையும் முழுக் கணக்கையும் கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் என் அலுவலகக் கதவைத் தட்ட வேண்டாம்.