வக்காலத்து: கேட்டு வாங்குவதும் கேட்காமல் வாங்குவதும்

"அவனுக்கு ஏன் நீ வக்காலத்து வாங்குகிறாய்?" என்று ஒருவர் கேட்டால் எரிச்சலில் இருக்கிறார் என்று பொருள். யாரும் அழைக்காமலே ஒருவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசுவதை இப்படிச் சொல்கிறோம். நீதிமன்றத்தில் இதே சொல்லின் பொருள் தலைகீழ். எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படைத்தால்தான் வழக்கறிஞர் இன்னொருவரின் வழக்கைக் கையில் எடுக்க முடியும். அந்தத் தாளின் பெயர்தான் வக்காலத்து.

வேர் அரபி. 'வகாலா' என்றால் ஒரு காரியத்தை நம்பி இன்னொருவரிடம் விடுவது. 'வகீல்' அப்படி நம்பப்பட்டவர். இறைவனின் திருநாமங்களில் ஒன்று 'அல் வகீல்'. எல்லாவற்றையும் இறைவனிடம் பொறுப்பாக விட்டுவிடுவதைக் குறிக்கும் 'தவக்குல்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பாரசீகத்தின் வழியே 'வகாலத்' ஆகி, பத்திரம் என்று பொருள்படும் 'நாமா'வையும் சேர்த்துக்கொண்டு 'வகாலத்நாமா' ஆனது. நம் ராஜினாமாவில் ஒட்டியிருப்பதும் அதே நாமாதான். முகலாயர் காலத்து வகீல் நீதிமன்றத்தோடு நின்றவர் அல்லர். ஒருவர் சார்பில் அரசவைக்குப் போய் நிற்கும் பிரதிநிதியும் வகீல்தான். கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்கள் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. தமிழ் நாக்கு அதை வக்கீல் என்றும் வக்காலத்து என்றும் அழுத்தி உச்சரித்தது. ஜாமீன், ஜப்தி, அமீனா, வாய்தா எல்லாம் வந்த வழியும் இதுவே. வாய்தாவின் மூலப்பொருள் 'வாக்குறுதி' என்பதை அறிந்தால், வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்கள் சிரிப்பார்களா அழுவார்களா என்று தெரியவில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்ட அடிப்படை 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம். அதன் மூன்றாம் கட்டளையின் நான்காம் விதிப்படி, வழக்கை ஒப்படைக்கும் கட்சிக்காரரோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட முகவரோ கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் வழக்கறிஞர் அவர் சார்பில் செயல்பட முடியாது. அந்த ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்தபின் நினைத்த மாத்திரத்தில் கைகழுவவும் முடியாது. நீதிமன்ற அனுமதியோடு எழுத்து மூலம் முடித்துக்கொள்ளும் வரையிலோ, இருவரில் ஒருவர் இறக்கும் வரையிலோ, அந்தக் கட்சிக்காரரைப் பொறுத்தவரை வழக்கு முடியும் வரையிலோ அது உயிரோடு இருக்கும்.

தொழில் நெறியின் பெரும்பகுதி இந்தத் தாளிலிருந்தே கிளைக்கிறது. நம்பி ஒப்படைத்தது என்னென்ன? முதலில் ரகசியம். கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்பதை 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126-ஆம் பிரிவில் வைத்திருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அது 132-ஆம் பிரிவு. வக்காலத்து முடிந்தாலும் இந்தக் கடமை முடிவதில்லை. ஆனால் சட்டவிரோதக் காரியத்தை நிறைவேற்றுவதற்காகச் சொன்னவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்து, வழக்குக் கட்டு, அதாவது வழக்கின் தாள்கள். கட்டணம் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. அந்த உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு. பணயப் பொருளாகக் கட்டு ஆகாது. மூன்றாவது, கட்சிக்காரரின் உரிமை. அவருடைய தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் அதை விட்டுக்கொடுக்கும் உறுதிமொழியை வழக்கறிஞர் தரக்கூடாது என்று 2015-இல் அதே நீதிமன்றம் கூறியது. இவற்றைப் படித்தபின், எதுவும் நிரப்பாத வக்காலத்துப் படிவத்தில் "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்ற உடனே போட்டுவிடும் நம் வழக்கத்தை நினைத்தால் திக்கென்கிறது. சமரசம் செய்துகொள்ளவும் பணம் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் தரும் வரிகள் பல படிவங்களில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மூத்த வழக்கறிஞர் என்ற தகுதி பெற்றவர் வக்காலத்து தாக்கல் செய்யக்கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. வக்காலத்து பெற்ற இன்னொரு வழக்கறிஞர் உடனிருக்க, அவர் வாதாட மட்டுமே செய்வார். நீதிமன்றத்தில் அதிகம் முழங்குபவரிடம் வக்காலத்தே இருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வக்கீலுக்கு வழக்கறிஞர், வழக்குரைஞர் என்ற இரண்டும் நிலைத்துவிட்டன. ஒன்று வழக்கை அறிந்தவர் என்கிறது, மற்றது எடுத்துரைப்பவர் என்கிறது. உரைத்தல் பழைய சொல்லாட்சி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் நீதி கேட்கும் பகுதியின் பெயர் 'வழக்குரை காதை'. ஈழத்தில் வக்கீலைக் குறிக்க அப்புக்காத்து என்ற சொல் வழங்கிய இடத்தில் இன்று சட்டத்தரணி வழங்குகிறது. நல்ல சொற்கள்தான். ஆனாலும் 'வகீல்' என்பதன் உயிரான 'நம்பி ஒப்படைக்கப்பட்டவர்' என்ற பொருள் எதிலும் இல்லை என்பது என் குறை.

ஆவணத்துக்காவது அதைத் திருப்பிக் கொடுக்கலாம். 'அதிகாரப் பத்திரம்' சரிப்படாது. சொத்து விற்கவும் நிர்வகிக்கவும் எழுதித் தரும் பத்திரத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. 'வழக்குரைஞர் நியமன ஆவணம்' பிழையில்லை, ஆனால் அலுவலக வாடை அடிக்கிறது; வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் ஒலிக்கிறது. 'வழக்கு ஒப்படைப்பு ஆவணம்' என்பதே எனக்குப் பிடித்தது. ஒப்படைத்த பொருளைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திண்ணைப் பேச்சு வக்காலத்துக்கோ புதுச்சொல் தேடவே வேண்டாம். 'பரிந்து பேசுதல்' இருக்கிறது. அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.