தீ காப்பீட்டு வரியில் ஒரு பதிலடிக் கணக்கு

பென்சில்வேனியாவில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெளிமாநில இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டும் 2 சதவீத வரிப் பணம் எங்கள் ஊர்த் தீயணைப்பு வீரர்களின் நிவாரணச் சங்கத்துக்கு வருகிறது. வெளியாட்கள்தானே என்று அமெரிக்க மாநிலங்கள் இந்த வரியை ஏற்றிக்கொண்டே போகாதா?"

முதலில் வரி எதன்மேல் என்று பார்த்துவிடுவோம். லாபத்தின்மேல் அல்ல, பிரீமியத்தின்மேல். பல மாநிலங்களில் தொழில் செய்யும் கம்பெனியின் லாபத்தை மாநிலவாரியாகப் பிரிப்பது பெரும்பாடு. காப்பீடு செய்த கட்டடம் எங்கே நிற்கிறது என்பதிலோ சந்தேகமே இல்லை. சரி, விகிதத்தை எது கட்டிவைக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1865-இல் நியூயார்க் ஒரு பதிலடிச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களுக்கு அது சொன்னது இதுதான்: எங்கள் கம்பெனிகளிடம் நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்களோ, உங்கள் கம்பெனிகளிடம் நாங்களும் அவ்வளவு வாங்குவோம். 1873-இல் பென்சில்வேனியா வெளிமாநிலக் கம்பெனிகளின் பிரீமியத்துக்கு 3 சதவீத வரி விதித்தது. இதில் சிக்கியது அந்த மாநிலத்தின் பிலடெல்பியா நகரத்துத் தீ காப்பீட்டுக் கம்பெனி ஒன்று. 1881-இல் நியூயார்க்கில் வசூலித்த பிரீமியத்துக்கு அதுவும் 3 சதவீதம் கட்ட வேண்டும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1886-இல் நியூயார்க் வென்றது.

இதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலம் 2 சதவீதத்தை 3 ஆக்குகிறது. வெளியார் அங்கே வசூலிக்கும் ஒவ்வொரு லட்சம் டாலர் பிரீமியத்துக்கும் கஜானாவில் 1,000 டாலர் கூடுகிறது. ஆனால் அந்த மாநிலத்துக் கம்பெனிகள், பதிலடிச் சட்டம் உள்ள மாநிலங்களில் எல்லாம் 3 சதவீதம் கட்ட நேரிடும். ஊருக்கு வெளியே பெரிய வியாபாரம் செய்யும் கம்பெனிகள் உள்ள மாநிலம் வரியை ஏற்றத் துணியுமா? அந்தக் கம்பெனிகளே சட்டமன்றத்தின் வாசலில் வந்து நிற்கும். இன்னொன்று, பதிலடி மேல்நோக்கி மட்டுமே வேலை செய்யும். எதிர் மாநிலத்தில் வரி குறைவு என்பதற்காக இங்கே யாரும் குறைப்பதில்லை. ஒப்பந்தம் இல்லை, மத்திய அரசின் உத்தரவும் இல்லை. ஆனாலும் விகிதம் எகிறாமல் நிற்கிறது. இப்படித் தடுப்பது நியாயமான நோக்கமே என்று கலிபோர்னியாவின் பதிலடி வரியை 1981-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உள்ளூர்க் கம்பெனிக்கு 1 சதவீதம், வெளிமாநிலக் கம்பெனியின் தீ காப்பீட்டுக்கு 4 சதவீதம் என்று வசூலித்த அலபாமாவுக்கு 1985-இல் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. உள்ளூர்த் தொழிலை வளர்க்கத்தான் இந்தப் பாகுபாடு என்ற வாதம் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது.

அப்புறம், வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 1894-இல் சிகாகோவில் தொடங்கிய அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ், மின்சாரம் தீப்பிடிக்க வைப்பதை ஆராய்ந்தது இன்சூரன்ஸ் தொழில் தந்த ஆதரவில்தான். இன்று லித்தியம் பேட்டரித் தீ, மரம் எரிவதுபோல் எரிவதில்லை. அணைந்தபின் மறுபடி பற்றிக்கொள்கிறது. இந்த வரியில் ஒரு பங்கை அந்த ஆராய்ச்சிக்கென்று மாநிலங்கள் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.