உடனடி வீட்டு அனுமதி: கையெழுத்துப் போடும் முன் மனையை அளந்து பாருங்கள்

வீடு கட்டலாம் என்று முடிவானதும் எங்கள் பக்கத்தில் முதலில் பார்ப்பது வாஸ்து நாள். பிறகு மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பார்கள். செங்கல் லோடு தெருவோரம் வந்து இறங்கும். பிளான் அப்ரூவல் என்ற பேச்சு, கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில்தான் எழும். அதற்குள் கடைக்கால் தோண்டி முடித்திருப்பார்கள். பிறகு காகிதத்துக்கு ஏற்றபடி கட்டடத்தை மாற்றுவதா, கட்டடத்துக்கு ஏற்றபடி காகிதத்தை வளைப்பதா என்று அலைய வேண்டியிருக்கும்.

முன்பு இதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தது. அனுமதிக்கு விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சிறிய வீடுகளைப் பொறுத்தவரை அந்தக் காரணம் இப்போது இல்லை. தமிழ்நாடு அரசு 2024 ஜூலை 22 அன்று, கட்டுபவரே உறுதியளித்து அனுமதி பெறும் சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரையிலான கட்டடப் பரப்பில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பைக் கட்டுபவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். அனுமதிக்கு முன் அலுவலர் வந்து இடத்தைப் பார்வையிடுவதில்லை. வரைபடத்தைச் சரிபார்ப்பதற்கான கூர்ந்தாய்வுக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் வாங்க வேண்டியதில்லை. செலுத்த வேண்டிய கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வைக்கப்பட்டிருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று இடத்துக்கு ஏற்ப அந்தத் தொகை மாறும்.

இந்த அளவுகளில் இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். 2,500 சதுர அடி என்பது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட். சிறிய நகரங்களில் ஆறு சென்ட் மனை சாதாரணம். அது 2,600 சதுர அடியைத் தாண்டிவிடும் என்பதால் இந்த வழி அந்த மனைக்காரர்களுக்குத் திறக்காது. வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது, 3,500 சதுர அடி என்பது இரண்டு தளங்களும் சேர்ந்த கணக்கு. அதுவும் எல்லா மனைக்கும் கிடைக்காது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்குதான் கட்டலாம். முப்பதுக்கு நாற்பது மனை என்றால் 1,200 சதுர அடி. அதில் அதிகபட்சம் 2,400. சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தைக் கழித்தால் அதுவும் குறையும்.

அலுவலர் வந்து பார்க்காததால் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் இறங்கியிருக்கிறது. ‘நான் தந்த விவரங்கள் உண்மை, விதிகளின்படி கட்டுவேன்’ என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்குகிறீர்கள். விவரம் தவறென்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் கொடுக்கவும், பணியை நிறுத்தவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் இருக்கிறது. அதனால், காத்திருக்காமல் மிச்சமான நாட்களில் ஒரு பகுதியையாவது மனையை அளக்கச் செலவிடுங்கள்.

எங்கள் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பத்திரத்தில் முப்பது அடி அகலம், நாற்பது அடி நீளம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை வைத்தே பொறியாளர் வரைபடமும் போட்டுவிட்டார். விண்ணப்பம் அனுப்புவதற்கு முதல் நாள் சர்வேயரை வரவழைத்து டேப் பிடித்தோம். நான் வேலியோரம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பக்கத்து வீட்டுச் சுவர் வரை நடந்து போய்க் குனிந்து பார்த்தார். “அம்மா, எட்டு மீட்டர் தொண்ணூறுதான் வருகிறது” என்றார். முப்பது அடி என்றால் 9.14 மீட்டர் வர வேண்டும். ஏறக்குறைய பத்து அங்குலம் குறைந்தது. அரசின் நில அளவைப் படமான புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் 8.9 தான். பட்டாவிலும் 111.5 சதுர மீட்டருக்குப் பதிலாக 108.5 இருந்தது. பத்திரம் அடியில் பேசுகிறது, பட்டா மீட்டரில் பேசுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை. பழைய வரைபடத்தின்படி கட்டியிருந்தால், அந்தப் பத்து அங்குலம் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்திலிருந்துதான் போயிருக்கும். வரைபடத்தை மாற்றிப் போட்டு, ஒரு அறையைக் கொஞ்சம் குறுக்கி, பிறகுதான் விண்ணப்பித்தோம்.

எனவே கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் அல்லது நகர நில அளவை வரைபடம் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்புங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டா இன்னும் விற்றவர் பெயரிலோ கூட்டாகவோ இருந்தால், முதலில் பட்டா மாறுதலுக்கும் உட்பிரிவுக்கும் விண்ணப்பியுங்கள்.

அடுத்த கேள்வி, மனை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் (லேஅவுட்டில்) இருக்கிறதா என்பது. சிறு நகரங்களின் விளிம்பில் வயலைக் கூறுபோட்டு விற்ற மனைகள் ஏராளம். பத்திரப் பதிவு நடந்துவிட்டதால் எல்லாம் சரி என்று வாங்கியவர்கள் நம்புகிறார்கள். பதிவு வேறு, மனைப்பிரிவு அங்கீகாரம் வேறு. 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்காக அரசு 2017-இல், அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அப்படி வாங்கியிருந்தால் வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் ‘பிறகு வாங்கிக் கொள்ளலாம்’ என்று சொல்லும் ஆணையை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

கோயில் நகரங்களில் இன்னொன்றும் உண்டு. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு, அதாவது சின்னத்திலிருந்து 300 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை ஒட்டிய தெருக்களில் வசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து மனை வாங்குபவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

மனை சரியென்றால் மிச்ச வேலை எளிது. பதிவுபெற்ற பொறியாளர் அல்லது உரிமம் பெற்ற கட்டட அளவரைக் கொண்டு வரைபடம் போடுங்கள். குறுகலான தெருவில் முன்புறம் குறைந்தது 1.5 மீட்டர், ஏறக்குறைய ஐந்து அடி, விட வேண்டும். சாலை அகலமானால் இதுவும் கூடும். பக்கவாட்டு இடம் மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. மாடிப்படி, கழிவுநீர்த் தொட்டி, மழைநீர் சேகரிப்புக் குழி எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். மாடிப்படியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் கடைசியில் காலியிடத்தில் இரும்புப் படி வைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் புகாருக்கு ஆளாகிறார்கள்.

வரைபடத்தையும் ஆவணங்களையும் இணையதளத்தில் ஏற்றி, கட்டணம் செலுத்தினால் அனுமதி வந்துவிடும். பதிவேற்றும் பொறுப்பைப் பொறியாளரிடமே விட்டுவிடுகிறோம், அதில் தவறில்லை. ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள், உறுதிமொழியை வரி விடாமல் படியுங்கள், ரசீதையும் வரைபடத்தையும் உங்கள் பெயரில் சேமித்து வையுங்கள்.

சுயசான்று வரம்பை மீறும் வீடுகளுக்கும் விண்ணப்பம் அதே இணையதளத்தில்தான். கோப்பு உள்ளாட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போகும், இட ஆய்வு நடக்கும், கட்டணங்கள் தனித்தனியே வரும்.

அனுமதி வந்ததும் வரைபடத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்து மேஸ்திரியிடம் கொடுங்கள். மேஸ்திரிகள் பலரும் வேலை செய்வது பொறியாளர் தனியாகத் தரும் கட்டுமான வரைபடத்தை வைத்துத்தான். அதற்கும் அனுமதி பெற்ற வரைபடத்துக்கும் ஓர் அடி வித்தியாசம் இருந்தாலும் நூல் பிடித்துக் கடைக்கால் குறிக்கும் காலையிலேயே அது வெளிப்பட வேண்டும். அன்று நீங்கள் அங்கே டேப்புடன் நில்லுங்கள். கட்டும்போது அறையைக் கூட்டவோ மேலே தளம் ஏற்றவோ ஆசை வந்தால், முதலில் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அடுத்த லோடு மணலுக்குச் சொல்லி அனுப்புங்கள். கடன் வாங்கியிருந்தால், ஒவ்வொரு தவணைக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுவரை அளப்பார்.