அந்த காபி ஹவுஸ் சுவரில் ஏன் இத்தனை ஓட்டைகள்?

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் ஒரு உருளைக் கட்டடம், சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, கடைசியில் திருவனந்தபுரத்துக்காரராகவே 2007இல் மறைந்தவர்.

உள்ளே மாடிப்படி கிடையாது, மாடியும் கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டுமானமாகவே இருக்கின்றன. இடம் குறுகல், அதனால் உயரமாகப் போனார்கள், சரி. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த ஓட்டைகள்தான்.

திருவனந்தபுரத்தில் தொல்லை வெயிலைவிடப் புழுக்கம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே தடித்த சுவர் எழுப்பி வெப்பத்தைத் தடுப்பதால் மட்டும் பெரிய பலன் இல்லை, உடம்பின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் ஓட்டை இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உள்ளே வந்து எதிர்ப்பக்கம் வெளியேறும். போதாததற்கு அந்தக் கட்டடம் மொத்தமும் சுழன்று ஏறும் ஒரே அறை, ஆகவே சூடான காற்றுக்கு மேலே போக வழி திறந்தே கிடக்கிறது.

அப்புறம் வெளிச்சம். அந்த ஊரில் உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே விழும். சுவரின் தடிமனே ஒவ்வொரு ஓட்டைக்கும் குடை மாதிரி இருப்பதால் வெயில் நேராக உள்ளே வராது, செங்கல்லில் பட்டுச் சிதறிய வெளிச்சம்தான் வரும், கண் கூசாது. காலையிலும் சாயங்காலத்திலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது மட்டும் சிறு சிறு வெளிச்சக் கட்டங்கள் மேசை மேல் வந்து விழும், அதைப் பார்த்துக்கொண்டே காபி ஆறிப்போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

செலவைப் பாருங்கள். சன்னல் வைத்தால் மரச்சட்டம், கண்ணாடி, கம்பி, மேலே சுவரைத் தாங்க லின்டல் என்கிற குறுக்குக் கட்டை எல்லாம் வேண்டும். இங்கே ஒவ்வொரு ஓட்டையும் சின்னது, மேலே வரும் செங்கல்லே அதைத் தாண்டிப் படுத்துக்கொள்ளும். திருடன் நுழைய முடியாததால் கம்பியும் வேண்டாம். ஓட்டை விட்ட இடத்தில் செங்கல்லும் மிச்சம்.

நம் ஊர்களில் வீட்டு முகப்பில் 'எலிவேஷன்' என்று தனியாக ஒன்றை ஒட்டுகிறோம், அதைப் பெயர்த்து எடுத்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பேக்கரின் ஓட்டைகளை அடைத்துப் பாருங்கள், அழகு போகிற அதே நிமிடம் காற்றும் வெளிச்சமும் போய்விடும். நல்ல கட்டடத்தை நான் அடையாளம் காண்பது இப்படித்தான்.

குறை இல்லாமல் இல்லை. தூசி படியும், சாரல் கொஞ்சம் அடிக்கும், கொசுவுக்கும் அதே வழிதான். வீட்டுப் படுக்கையறையில் இப்படிக் கட்டினால் உள்பக்கம் வலை அடிக்க வேண்டியிருக்கும், வலை அடித்தால் காற்று கொஞ்சம் குறையும், அதற்கேற்ப ஓட்டைகளைக் கூட்டிக்கொள்ளச் சொல்லிக் கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.