சோடா மாவைக் கீழே வையுங்கள்

போன வாரம் இன்னொரு ஃபார்ஃபல்லா பட்டறைக்கு வந்தது. உலோகப் பந்தைத் தட்டி ஆடும் பழைய பின்பால் விளையாட்டு இயந்திரம் அது. ஸ்கோர் காட்டும் தலைப்பெட்டியைத் திறந்தால் சர்க்யூட் போர்டில் பச்சைப் பச்சையாக அரிப்பு, அதன்மேல் சமையல் சோடா அப்பியிருந்தது. "பேட்டரியிலிருந்து ஆசிட் கசிந்திருந்தது, சோடா போட்டுத் துடைத்தேன்" என்றார் உரிமையாளர். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

ஆசிட் இல்லை ஐயா. கார் பேட்டரியில் இருப்பதுதான் ஆசிட். இது போன்ற அந்தக் காலத்துப் பின்பால் போர்டுகள் பலவற்றில் வைத்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம் (ஆல்கலி), ஆசிட்டுக்கு நேர் எதிர். சோடாவும் காரம். காரத்தின் மேல் காரத்தைக் கொட்டினால் எதுவும் அடங்காது. செம்புத் தடங்களை அது தின்றுகொண்டே போகும். இதற்குத் தேவை வினிகர். வெள்ளை வினிகர், பாதிக்குப் பாதி தண்ணீர்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், ஃபார்ஃபல்லாவைச் செய்தது ஜக்காரியா கம்பெனி. இத்தாலியில் பொலோன்யா பக்கம் மரினோ, ஃபிராங்கோ, நதாலே என்ற மூன்று சகோதரர்கள் 1974இல் தொடங்கியது. பின்பால் என்றாலே சிகாகோ என்றிருந்த காலத்தில் பாலி, காட்லீப், வில்லியம்ஸ் என்ற அந்த ஊர்க் கம்பெனிகளை எதிர்த்து நின்றார்கள். முதல் மின்னணு இயந்திரங்களுக்கு சிக்னெடிக்ஸ் 2650 என்ற சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்பாலில் அதை அதிகம் பார்க்க முடியாது. முதன்முதலாக அந்த போர்டைக் கையில் எடுத்தபோது எனக்கும் தலை சுற்றியது. 1983இல் ஃபார்ஃபல்லா வந்தது. 80கள் முடிவதற்குள் ஜக்காரியா பெயரில் பின்பால் வருவது நின்றுவிட்டது. அசல் போர்டு இனி வரப்போவதில்லை; இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

அதனால், பழைய இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். "எரிகிறதா பார்ப்போம்" என்ற ஆசையே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலைப்பெட்டியைத் திறங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பேட்டரி பளபளப்பாக இருந்தாலும் வெட்டி எடுங்கள். அந்த பேட்டரி நினைவில் வைத்திருக்கும் அதிகபட்ச ஸ்கோர் அழிந்தால் அழியட்டும். போர்டைக் கழற்றி வினிகரால் தேய்த்து, வாலை வடிநீரால் அலசி, நன்றாகக் காய வையுங்கள். அப்புறம் சிப்புகளைச் சொருகும் பழைய ஐசி சாக்கெட்டுகளையும் பாருங்கள், காரம் அவற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மாற்றாக லித்தியம் செல் வைப்பதானால் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு இல்லாமல் வைக்கவே கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் வெடிக்கலாம்.

ஈயம் வைத்து சால்டரிங் செய்து பழக்கமில்லையா? பேட்டரியை மட்டும் வெட்டிவிட்டு, போர்டைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். தயவுசெய்து நீங்களாகச் சுரண்டாதீர்கள். வெட்டிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிப் பெட்டியில் சேருங்கள், உள்ளே இருப்பது காட்மியம்.